முழுக்கைச் சட்டை

பங்குனி வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஒரே மனிதர் எங்கள் சாந்திநாதன் சார்தான். மற்ற ஆண்கள் எல்லாருக்கும் அரைக்கைச் சட்டை. ஹெட்மாஸ்டர் ஆதிகேசவன் அறையில் தனியாக இருந்தால் சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு பனியனோடு உட்கார்ந்திருப்பார். யாராவது வரும் சத்தம் கேட்டால் அவசர அவசரமாகப் போட்டுக்கொள்வார்; பொத்தான் எப்போதும் ஒன்று மாறித்தான் இருக்கும்.

"என்னா சார், சட்டைக்குள்ள ஐஸ் கட்டி வச்சிருக்கீங்களா?" என்று சாந்திநாதன் சாரை நான் சீண்டுவேன்.

"பழக்கமாயிடுச்சி டீச்சர்" என்பார். அதோடு சரி.

அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. திருப்பருத்திக்குன்றத்து ஜைனர். பேசினால் பொய் பேச மாட்டார். இது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். இன்ஸ்பெக்டர் வந்த அன்று, "எல்லாப் பாடமும் நடத்தியாச்சா?" என்று கேட்டதற்கு, "இல்லீங்க, ரெண்டு பாடம் பாக்கி" என்று சொல்லி ஹெட்மாஸ்டருக்கு வேர்க்க வைத்தவர். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டால்கூட, "சாந்திநாதன் சார் சொன்னாரு" என்று ஒருவன் சொன்னால் மற்றவன் வாயை மூடிக்கொள்வான். நான் சொன்னதாகச் சொன்னால் யாரும் மூட மாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

எங்கள் பள்ளிக்கூடம் பிள்ளையார்பாளையத்தின் கடைசியில், வேகவதி ஆற்றுக்கு இறங்குகிற வழியில் இருந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். முக்கால்வாசி நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஆற்று மணலைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நடந்து வருகிற ஜைனப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். நான் மூன்றாம் வகுப்பு. சாந்திநாதன் சார் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் "நூறு" என்று கத்துவார்கள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் மாசிக் கடைசியில் ஊருக்குள் பெரியம்மை வந்தது.

முதலில் வகுப்பில் இடைவெளி விழுந்தது. நேற்று வந்த பிள்ளை இன்று வரவில்லை. ஏன் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். வாசலில் வேப்பிலை செருகிய வீட்டைப் பற்றி வாய்விட்டுப் பேசக்கூடாது. அம்மை கண்ட வீட்டில் தறி ஓடாது. அதனால் சாயங்காலம் நான் வீட்டுக்கு நடக்கும்போது எந்த வீட்டில் சத்தம் இல்லையோ அந்த வீட்டில் யாருக்கோ வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். பங்குனி பிறந்தபோது சில தெருக்களில் ஒரு தறிச் சத்தமும் கேட்கவில்லை. விடியற்காலையில் தெருவை அடைத்துத் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிறவர்கள் யாரும் வெளியே வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் வீரபத்திரன் என்று ஒரு பையன், நன்றாகப் பாடுவான். அவன் போய்விட்டான். காலைப் பிரார்த்தனையை யார் ஆரம்பிப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் கையைக் கூப்பிக்கொண்டு சும்மா நின்றார்கள். அதற்கப்புறம் ஹெட்மாஸ்டர் பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார்.

முழுப் பரீட்சையை மட்டும் நிறுத்த முடியாது என்றார். மேலேயிருந்து உத்தரவு. அம்மை குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்கே வருவார். எல்லாப் பிள்ளைகளும் குத்திக்கொள்ள வேண்டும். கையில் தழும்பு இல்லாத பிள்ளைக்குப் பரீட்சை கிடையாது. பச்சைக் குழந்தையிலேயே குத்தாமல் விட்டுப்போன பிள்ளைகள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்.

குத்துகிறவர் வருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லும்படி விஞ்ஞான ஆசிரியருக்கு ஹெட்மாஸ்டர் கட்டளை போட்டார். சாந்திநாதன் சார் எட்டாம் வகுப்பில் சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் என் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் சொன்னார், கிருமி, ரத்தம், எதிர்ப்புச் சக்தி எல்லாம். அப்போது தயாவதியின் குரல் கேட்டது.

தயாவதி அவர் ஊர்ப் பெண்தான். மணிலாக்கொட்டை வியாபாரம் பண்ணுகிற தனராஜ் முதலாளியின் மூத்த மகள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளைப் போலப் படிக்கிற பிள்ளை அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் நான் பார்க்கவில்லை. தரையில் எறும்பு வரிசை போனால் அது கடந்து முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு அப்புறம்தான் வகுப்புக்குள் வருவாள். லேட்டாக வந்ததற்கு நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

"சார், அந்த மருந்த எதுலேருந்து செய்யறாங்க?" என்று கேட்டாள்.

"கன்னுக்குட்டிலேருந்தும்மா."

"எப்படி சார்?"

வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். நானாக இருந்தால், உட்காருடி அதிகப்பிரசங்கி என்று சொல்லியிருப்பேன். அவர் சொன்னார்: "கன்னுக்குட்டிய கட்டிப் போட்டு, வயித்துல மயிரெல்லாம் சிரைச்சி, கீறி, கிருமியத் தடவுவாங்க. கொப்புளம் வரும். அத சுரண்டி எடுத்துத்தான் மருந்து."

"அப்புறம் அந்தக் கன்னுக்குட்டி?"

"கொன்னுடுவாங்கம்மா. உள்ள வேற நோய் இருக்குதான்னு பாக்கணும்ல."

தட்டிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள்கூட அடங்கிவிட்டார்கள்.

"ஆனா ஒரு கன்னுக்குட்டியால ஆயிரம் புள்ளைங்க பொழைக்குது. அதனால எல்லாரும் குத்திக்கணும். கட்டாயம் குத்திக்கணும்" என்றார் அவர்.

"நீங்க குத்திக்கினீங்களா சார்?"

"புஸ்தகத்தை எடுங்க. அறுபத்திரண்டாம் பக்கம்" என்றார் சாந்திநாதன் சார். பக்கங்கள் புரள்கிற சத்தம் கேட்டது. வாத்தியாரையே எதிர்க்கேள்வி கேட்டதில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

குத்துகிறவர் வந்த அன்று ஒரே அழுகை. சின்னத் திருகாணி போன்ற ஒன்றைக் கையில் வைத்துத் திருகுவார். ரத்தம் பொட்டுப் பொட்டாக வரும். என் வகுப்பில் ஒருவன் கழிவறையில் போய் ஒளிந்துகொண்டான். காதைப் பிடித்து இழுத்து வந்தேன். திருப்பருத்திக்குன்றத்துப் பிள்ளைகளும் அப்பாமார்களோடு வந்து குத்திக்கொண்டார்கள். தயாவதி வரவில்லை. அவள் தங்கை கனகமாலாவும் வரவில்லை.

கனகமாலா என் வகுப்பு. வாய் ஓயாத குழந்தை. கணக்கு வராது, கதை நன்றாக வரும். அக்கா நடந்தால் நடப்பாள், அக்கா நின்றால் நிற்பாள். எறும்புக்காகக்கூட.

மறுநாள் ஹெட்மாஸ்டர் தனராஜ் முதலாளியை வரவழைத்தார். நானும் போய் நின்றேன். தயாவதி அப்பாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என் பொண்ணு வேணாங்குறா சார். நம்ம உசுருக்காக இன்னொரு உசுரக் கொல்றாங்களேங்குறா. அவ சொல்றதுல என்னா தப்பு இருக்குது? நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றார் தனராஜ்.

"அப்ப பரீட்சை கெடையாதுங்க."

"போவட்டும் சார். மொதல் மார்க் வாங்கினா ஐஸ்கூல்ல சேக்கறேன்னு சொல்லியிருந்தேன். பரீட்சையே இல்லன்னா அந்தப் பேச்சே இல்ல. வைகாசியில ஒரு எடம் வருது, பேசி முடிச்சிடறேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது நல்ல முடிவாகவே பட்டது. தயாவதி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். பதினான்கு வயதுப் பெண். ஹெட்மாஸ்டரிடம் தனியாகப் போய், "ஒரு தனி ரூம்ல உக்கார வச்சி எழுத வைக்கலாமே சார்?" என்று கேட்டேன். "ஒருத்திக்கு விட்டா ஒம்பது பேரு வருவான்" என்று சொல்லிவிட்டார்.

சாந்திநாதன் சாரிடம் சொன்னேன். "நீங்க சொன்னா கேப்பா சார். போயி ஒரு வார்த்தை சொல்லுங்க." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எந்த வாயால சொல்றது டீச்சர்" என்றார். கன்றுக்குட்டி விஷயத்தைத் தானே சொல்லிவிட்டோமே என்று வருத்தப்படுகிறார் என்றுதான் அப்போது எனக்குப் புரிந்தது.

பரீட்சை ஆரம்பிக்கும் காலையில் ஹெட்மாஸ்டரே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக் கையையும் தூக்கிப் பார்த்து உள்ளே விட்டார். வரிசையின் கடைசியில் தயாவதியும் கனகமாலாவும் நின்றார்கள். எனக்கு ஆச்சரியம். தயாவதி கையைக் காட்டினாள். தோளுக்குக் கீழே வட்ட வட்டமாகப் பொருக்கு. தங்கை கையிலும் அப்படியே.

"எங்கேம்மா குத்திக்கினீங்க?"

"மாகறல்ல சார். மாமா வீட்டுக்குப் போயிருந்தோம், அங்க வந்து குத்தினாங்க."

ஹெட்மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா டீச்சர்? கண்டிப்பா இருந்தாத்தான் காரியம் நடக்கும்" என்றார்.

கனகமாலா ஓடி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், எனக்குக் குத்தும்போது நான் அழவே இல்ல. அக்காதான் அழுதா."

"அடி என் ராஜாத்தி, உனக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லைடி" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினேன்.

சாந்திநாதன் சார் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். தயாவதி அவரைத் தாண்டிப் போகும்போது அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவர் வினாத்தாள் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

கணக்குப் பரீட்சை அன்று கனகமாலா பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கணக்குத் தெரியாததற்கு நடிக்கிறாள் என்று அதட்டப் போனேன். தொட்டால் உடம்பு கொதித்தது. அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆள் அனுப்பினேன். தனராஜ் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். "டீச்சர், பாக்கிக் கணக்க நாளைக்குப் போடறேன்" என்றாள். போடவே வேண்டாம், பாஸ் போட்டுவிடுகிறேன் என்றேன். அதற்குச் சிரித்தாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

அந்த வாரமே தெரிந்துவிட்டது, பெரியம்மைதான் என்று. தயாவதி விஞ்ஞானப் பரீட்சை வரைக்கும் எழுதியிருந்தாள், அதற்கப்புறம் வரவில்லை. அம்மை கண்ட வீட்டிலிருந்து வரவும் முடியாது.

தயாவதி வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். அந்தத் தழும்பு மட்டும் ஊர் சுற்ற ஆரம்பித்தது. கனகமாலாவின் கைத் தழும்பை என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பார்த்திருந்தார்கள். ஒவ்வொன்றும் வீட்டில் போய்ச் சொல்லிற்று. குத்திக்கொண்ட குழந்தைக்கே வந்துவிட்டது என்ற பேச்சு தெருத் தெருவாகப் பரவியது.

அதன் கொடுமை என்னவென்றால், பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கைக்குழந்தைகளுக்குக் குத்த ஏற்பாடு ஆகியிருந்தது. ஒரு மாதமாக நான் வீடு வீடாக ஏறி இறங்கி, தொண்டை கட்டிப்போகிற அளவுக்குப் பேசி, அரைமனதாகவாவது தாய்மார்களைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அலமு என்று ஒருத்தி, மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு நான்காவதாக ஒரு பையனைப் பெற்று வைத்திருந்தாள். அவள்தான் முதலில் வருகிறேன் என்று சொன்னவள். இப்போது என்னைத் தெருவில் பார்த்ததும் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"குத்துன பொண்ணுக்கே வந்துடுச்சே டீச்சரம்மா. அப்புறம் எதுக்கு நான் என் புள்ள கையக் கிழிச்சிக்கினு வரணும்? அம்மா கோவமா இருக்கா. இன்னும் கோவத்தக் கெளறாதீங்க."

சாந்திநாதன் சார் சாயங்காலங்களில் தனராஜ் வீட்டு வாசலுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவார். ஒருநாள் காலை பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அது அம்மை குத்துன தழும்பு இல்ல டீச்சர்."

"பின்ன?"

"சேங்கொட்டை."

துணி வெளுக்கிறவர்கள் குறி போடுகிற சேங்கொட்டை. அதன் பால் தோலில் பட்டால் வெந்து கொப்புளமாகி, கறுத்துப் பொருக்குக் கட்டும். தயாவதி பேனா மூடியை அதில் தோய்த்துத் தன் கையில் வட்ட வட்டமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். கன்றுக்குட்டி சாகக்கூடாது, பரீட்சையும் எழுத வேண்டும். அக்காவுக்குப் போட்டதைப் பார்த்துவிட்டு எனக்கும் போடு, நானும் பள்ளிக்கூடம் வருவேன் என்று சின்னது அடம் பிடித்திருக்கிறது. சத்தம் போட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், அழக்கூடாது என்று சொல்லித்தான் போட்டிருக்கிறாள். ஹெட்மாஸ்டர் மனசு மாறி, குத்தாமலே பரீட்சைக்கு வரச் சொல்லிவிட்டார் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அழவே இல்லை என்று அந்தக் குழந்தை என்னிடம் சொன்னது நிஜம்தான்.

"கேக்காமலே எல்லாத்தயும் சொல்லிட்டா டீச்சர். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கினு, பாடம் ஒப்பிக்கற மாதிரி சொன்னா."

அழுகை ஒரு பக்கம் இருக்க, எனக்கு இன்னொன்று உறைத்தது. "அப்ப குத்துன குழந்தைக்கு வரல சார்! குத்தாத குழந்தைக்குத்தான் வந்திருக்குது. இத சொன்னா அலமு வருவா, எல்லாரும் வருவாங்க. வாங்க, இப்பவே போயி சொல்லுவோம்."

அவர் நகரவில்லை. "சொன்னா, அந்தப் பொண்ணு காலம் பூரா தங்கச்சிய கொன்னவ ஆயிடுவா."

"பேரு சொல்லாம சொல்லுங்க."

"வேற யாருன்னு நெனைப்பாங்க?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கன்றுக்குட்டியைக் கொல்வதைக் குழந்தைகளிடம் சொல்லத் தெரிந்தது, இதைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லையா என்று கேட்டே விட்டேன். அவர் சட்டைக் கையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். நானே போய்ச் சொன்னேன். அலமு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாவக் கெடக்கற குழந்த மேல பொய் சொல்றியே டீச்சரம்மா, உனக்கே நல்லா இருக்குதா?" ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "நானே கண்ணால பாத்து உள்ள விட்டேன். இப்ப பொய்த் தழும்புன்னு சொன்னா என் உத்தியோகம் என்னா ஆவறது? நீங்க வாய வச்சிக்கினு சும்மா இருங்க" என்றார். அவர் சட்டையில் அன்றைக்கும் பொத்தான் மாறித்தான் இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கைக்குழந்தைகளுக்குக் குத்துவதாக இருந்த நாளின் விடியலில் கனகமாலா இறந்துபோனாள்.

செய்தி எங்களுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது. மைதானத்தில் பெஞ்சு போட்டு, ஸ்பிரிட் விளக்கு ஏற்றி, குத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில் சுவர் நிழலில் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வருவதற்காக நிற்கவில்லை, யாராவது போகிறார்களா, போனால் தடுக்கலாம் என்று நின்றார்கள். அலமு முன்னால் நின்றாள். சாந்திநாதன் சார் வராந்தாத் தூணோரம் நின்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டும் பலிக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஆற்றுப் பக்கமிருந்து தயாவதி வந்தாள்.

தனியாக வந்தாள். தலை பின்னவில்லை. காலில் செருப்பில்லை, மணல் ஒட்டியிருந்தது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். "கிட்ட வராதீங்க டீச்சர். எங்க வீட்டுல அம்மை" என்றாள். தெரு நடுவில், எல்லாரிடமிருந்தும் தள்ளி நின்றாள். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டு, எதிர்ச் சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்துத் திரும்பினாள்.

"இது அம்மை குத்துனது இல்ல. சேங்கொட்டை. நான்தான் வச்சிக்கினேன். என் தங்கச்சிக்கும் நான்தான் வச்சேன். பரீட்சைக்கு விடணும்னு வச்சேன். அவளுக்கு அம்மை குத்தவே இல்ல. குத்தியிருந்தா அவ..." சுருட்டிய கையை இன்னும் மேலே தூக்கிக் காட்டினாள். "குத்துன புள்ளைங்க யாருக்கும் வரல. எங்க ஊர்ல மத்தவங்க யாருக்கும் வரல. எங்க வீட்டுல மட்டும்தான்."

ஒரு கிழவி மண்ணை வாரி இறைத்து, "அடிப் பாவி" என்றாள். தயாவதி விலகவில்லை. மண் அவள் பாவாடையில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவும் இல்லை.

அலமுதான் முதலில் தெருவைக் கடந்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை, தயாவதியையும் பார்க்கவில்லை. குழந்தையின் கையை நீட்டிக்கொண்டு குத்துகிறவர் முன்னால் உட்கார்ந்தாள். குழந்தை வீரிட்டு அழுதது. அதற்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வரிசை நீண்டு வாசலுக்கு வெளியே போனது. போன இடத்தில் தயாவதி நின்றாள். அவளைச் சுற்றி வளைந்துகொண்டு வரிசை நீண்டது.

"எனக்கும் குத்துங்க" என்றாள் தயாவதி.

"கடைசியா" என்றார் குத்துகிறவர்.

அவள் போய்ப் பள்ளிக்கூடத்து மதிலோரம் நின்றுகொண்டாள். அங்கே நிழல் இல்லை. சுருட்டிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள். அவள் உடம்பிலும் அந்த நோய் ஏறிவிட்டதோ என்னவோ, இனிமேல் குத்திப் பலன் உண்டோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டில் எனக்கு இரண்டு பிள்ளைகள், அம்மையை அவர்களிடம் கொண்டுபோய் விடுவேனோ என்று பயம். போகவில்லை.

சாந்திநாதன் சார் தூணை விட்டு இறங்கினார். மைதானத்தைக் கடந்து நேராக அவளிடம் போனார். நடந்துகொண்டே மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மதிலோரம் போய் அவள் பக்கத்தில் நின்று, சட்டைக் கையை மடித்து மடித்துத் தோள் வரைக்கும் ஏற்றினார். வெயிலே படாத கை, வெள்ளையாக இருந்தது. அதில் ஒரு தழும்பும் இல்லை. இன்னொரு கையையும் மடித்தார். அதிலும் இல்லை.

அறுபத்திரண்டாம் பக்கம். தயாவதியின் கேள்விக்கு அவர் புஸ்தகத்தைத் திறக்கச் சொன்னது எதனால் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பொய் சொல்லாத மனிதர்தான். அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் கட்டாயம் குத்திக்கொள்ள வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு, கன்றுக்குட்டியின் பாவம் தனக்கு மட்டும் வேண்டாம் என்று இத்தனை வருஷமாக முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் போய் அடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது எனக்கு. அதோடு அழுகையும் வந்தது.

"தயா" என்றார் அவர்.

தயாவதி அவருடைய கையைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார்" என்றாள். "நீங்களே குத்திக்கலன்னா அது தப்பாத்தான் இருக்கும்னு நெனைச்சேன்."

சொல்லிவிட்டு அவரிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றாள். இரண்டு பேரும் அப்படியே, கையைச் சுருட்டிக்கொண்டு, தங்கள் முறை வருகிற வரைக்கும் வெயிலில் நின்றார்கள்.